விளக்கேற்றலாமா என்று கேட்கிறார்கள்

என் அக்காவுக்கு,

கர்ப்பிணிக்கு ரத்தம் பட்டால் அது தீட்டா, இல்லையா? இன்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. தீட்டையே நம்பாதவள் நான்.

உனக்கு முதலில் சொல்ல வேண்டிய சேதி, உன் மகள் நித்யா முழுகாமல் இருக்கிறாள். மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது அவள் மாமியாரின் கட்டளை. அதனால் காலையில் உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறையைப் பார்த்தபோது நீயும் போய்விட்ட பிறகு அவள் கூப்பிட என்னைத் தவிர ஆளில்லை. "சித்தி, நீ வா" என்றாள், அவ்வளவுதான். அல்சூரில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை ஆட்டோவில் உட்காரவே முடியவில்லை எனக்கு.

வெள்ளிக்கிழமை. மாமியார் பூஜையறை வாசலில் தீப்பெட்டியோடு நின்றிருந்தார். கெட்டவர் இல்லை அக்கா, பயந்துபோயிருந்தார்.

"நீங்க படிச்சவங்க, சொல்லுங்க சம்மந்தி. வீட்டுக்குத் தூரம்னா அந்த ரூம்ல சும்னே குந்திக்கட்டும். இல்லன்னா வந்து விளக்கேத்தட்டும். நான் இன்னா பண்றது?"

"தனியா குந்துனா, புள்ள போயிடுச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி அத்தை. குந்தமாட்டேன்."

"வாயில நல்ல வார்த்தையே வராதாடி உனக்கு?"

"நீங்கதானே ஆரம்பிச்சீங்க!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நீயாக இருந்தால் "ஒண்ணும் ஆகாதுடி" என்றிருப்பாய். தெரிந்துதான் சொல்வாயா, சும்மா சொல்வாயா? நித்யா வயிற்றில் இருந்தபோது உனக்கும் இப்படிப் பட்டதா? நான் கேட்டதில்லை, நீ சொன்னதுமில்லை.

டாக்டரைப் போனில் பிடித்தேன். என்ன நிறம், எவ்வளவு, வலி இருக்கிறதா என்று கேட்டார். நித்யா மாற்றிய சானிட்டரி பேடை மாமியார் சுருட்டி எறிந்துவிட்டிருந்தார். "இனிமே எறியாதீங்க, எவ்வளவு நனையுதுன்னு பாருங்க" என்றார் டாக்டர். ஆரம்ப மாதங்களில் இப்படிப் படுவது பலருக்கு உண்டாம். நிறைய பேருக்குக் கர்ப்பம் நல்லபடியாகத் தொடருமாம், சிலருக்குக் கலைந்தும் போகுமாம். கறையைப் பார்த்து மட்டும் யாரும் சொல்ல முடியாது, நாளைக் காலையில் ஸ்கேன் பார்க்கலாம் என்றார். அதற்குள் ரத்தம் அதிகமானாலோ, வயிறோ தோளோ வலித்தாலோ, தலை சுற்றினாலோ காத்திருக்காமல் உடனே வரவேண்டும்.

"அதுவரைக்கும் நாங்க என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யவேணாம்மா. கவனிச்சுக்குங்க, போதும்."

அந்த 'ஒண்ணும் செய்யவேணாம்'தான் என்னால் முடியவில்லை. கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினேன். விளக்கை மாமியாரே ஏற்றினார். நித்யா நிலைப்படியில் நின்று கும்பிட்டாள், உள்ளேயும் போகாமல், விலகியும் உட்காராமல்.

உன்னைப்போல் ஆறுதல் சொல்ல எனக்கு வராது. தெரியாததைத் தெரிந்ததுபோல் அவளிடம் சொல்லவும் மாட்டேன். ஆனால் எது நடந்தாலும் அவள் பக்கத்தில் இருப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மறுநாள் எழுதுவது: ஸ்கேன் அறைக்குள் மூவரும் போனோம். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். பயறளவில் ஏதோ ஒன்று விடாமல் துடித்தது. பக்கத்தில் கொஞ்சம் ரத்தம் தேங்கியிருக்கிறது, இப்போதே எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார். வெளியே வந்ததும் மாமியார் குனிந்து நித்யாவின் செருப்பை எடுத்து அவள் காலருகே வைத்தார். வீட்டுக்கு வந்த பிறகும் லேசாகப் பட்டுக்கொண்டுதான் இருந்தது.

உன் தங்கை,
நித்யாவின் சித்தி