வாசலில் வைத்த துப்பாக்கி

அக்டோபர் 19, சனி
சனிதோறும் நாங்கள் நீராவிக் குளியல் போடும் சௌனாவுக்கு, தம்பி ராய்ஸ் இன்று அடுப்பு மூட்டவில்லை. அவன் மனைவி லோர்னா செத்த வாரம்கூட மூட்டியவன். சமையலறை மேசையில் அப்பாவின் மான் துப்பாக்கி, துடைத்து எண்ணெய் போட்டபடி.
"மான் வேட்டை சீசனுக்கு இன்னும் நாளிருக்கே, ஏண்டா இப்பவே?"
"மானுக்குன்னு யார் சொன்னா?" சிரித்தான். நான் கிளம்பும்போது தன் நாயை என் வண்டியில் ஏற்றிவிட்டான். "உன்கிட்டயே இருக்கட்டும்க்கா."
நாயை யாராவது கொடுப்பார்களா?

அக்டோபர் 21
ராய்ஸிடமிருந்து துப்பாக்கிகளை வாங்கி வைக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனு கொடுத்தேன். நீதிபதி அவசரப்படுத்தாமல் கேட்டார்: "உங்க தம்பி முரடரா?"
"இல்லீங்க. யாருக்கும் தொந்தரவு குடுக்காதவன். அப்படியே சொல்லாம உசுர விட்டுடுவான்."
இன்றே உத்தரவில் கையெழுத்து. ராய்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும். அவன் தரப்பைச் சொல்லத் தனியாக ஒரு நாள்.

அக்டோபர் 22
ராய்ஸ் வீட்டுத் தெருமுனையில் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். எங்கள் வட்டாரப் போலீஸ் துணை ஷெரீஃப் ஆர்விட் சைரன் இல்லாமல், தனியாக வந்தார். இந்தச் சட்டத்தை ஊரெல்லாம் திட்டித் திரிந்த வேட்டைக்காரர். உள்ளே ராய்ஸோடு காபி குடித்துவிட்டுத்தான் துப்பாக்கியைக் கேட்டாராம். அப்பாவின் துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றி, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்து வந்தார். அந்த மனிதரை இனி லேசாகப் பேசமாட்டேன்.
பிறகு ராய்ஸின் போன். "அப்பா துப்பாக்கியப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்துட்டியே. நீயெல்லாம் ஒரு அக்காவா?"
"உசுரோட இருந்து திட்டுடா."
வைத்துவிட்டான்.

அக்டோபர் 26, சனி
சௌனாவுக்குக் கூப்பிடவில்லை.

நவம்பர் 4
விசாரணை. சவரம் செய்யாத முகம். "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல" என்றான். துப்பாக்கி வைத்துக்கொள்ள ஒரு வருடம் தடை என்றார் நீதிபதி. மனசு தேறினால் முன்னாடியே வந்து கேட்கலாம் என்றும் சொன்னார். என்னைப் பார்க்காமலே போனான்.

நவம்பர் 14
நாளை மான் சீசன். கடையில் ராய்ஸின் வேட்டைக் கூட்டாளி டுவெய்ன், பெருமையோடு: "என்கிட்ட இருந்த இன்னொரு துப்பாக்கிய ராய்ஸ் வாசல்ல வச்சுட்டு வந்தேன். கதவத் தட்டினேன், திறக்கல. வெறுங்கையோட ஒருத்தன வேட்டை முகாமுக்கு எப்படிக் கூப்பிடுறது?"
கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இந்த ஊரில் யாரும் செய்வதுதான். ஆர்விட்டைக் கூப்பிட்டேன்.
"பதறாதீங்க, எடுத்துட்டு வந்துட்டேன்," என்றார். "ராய்ஸண்ணனே போன் போட்டார். 'வாசல்ல ஒண்ணு இருக்கு ஆர்விட். நான் தொடல. ஆனா சீக்கிரம் வா, இன்னிக்கு எனக்கு மனசு சரியில்ல' அப்படின்னார்."
மனசு சரியில்லை என்று என் தம்பி வாய்விட்டுச் சொன்னானா? அப்பா செத்தபோதுகூடச் சொல்லாதவன். இவ்வளவு தைரியம் அவனிடம் எங்கே இருந்தது?

நவம்பர் 15
முகாமுக்குப் போயிருக்கிறான், துப்பாக்கி இல்லாமல். சமையல் அவனுடையதாம். டுவெய்ன் போனில் அலுத்துக்கொண்டான்: "உன் தம்பி சூப்பக் குடிக்கிறதுக்கு அந்த மானே என்னைச் சுட்டிருக்கலாம்."

நவம்பர் 16, சனி
சாயங்காலம் போன்.
"அடுப்பு மூட்டிட்டேன்க்கா. சௌனா சூடாயிருக்கு."
"வரேன்டா."
"நாயையும் கூட்டிட்டு வா." பிறகு, "போகும்போது இங்கேயே விட்டுட்டுப் போ."