ஒன்பது பத்துக்கு ஒரு சொல்

ஜூன் 3, செவ்வாய்

வக்கீல் அறையில் இருந்தவர்கள்: வக்கீல், அவருடைய தட்டச்சுக்காரம்மா, என் வீட்டுக்காரர், அவருடைய தம்பி, நான். ஐந்து பேர். ஐந்து தேநீர் வந்தது, இவர் தொடவில்லை.

"வண்டிய பின்னால எடுக்கும்போது போன்ல பேசினீங்களா?"

"இல்ல சார்." இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்ப கேஸ் நிக்காது. அடிபட்டவர் வீட்டோட யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. உங்களுக்கும்தாம்மா."

தலையாட்டினேன். கடவுளே, தலையாட்டிவிட்டு வந்தேனே!

ஜூன் 4

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். பேசினார். என்னோடுதான்.

தினமும் அகராதியில் ஓர் ஆங்கிலச் சொல் படித்து, ஒன்பது பத்துக்கு இவரைக் கூப்பிடுவேன். இவர் ஓட்டும் ரொட்டி வேன் அப்போது கடை வாசலில் நிற்கும். அதற்கு நான் மூன்று பொருள் சொல்ல வேண்டும், இவர் ஒன்று. நாலு வருஷத்து விளையாட்டு. போன வியாழன் சொல் 'கேஸ்'.

"ஏன், சிலிண்டர் தீர்ந்துடுச்சா?"

"சும்மா இருங்க. மூக்குக்கண்ணாடி வைக்கிற கூடு ஒண்ணு, வழக்கு ஒண்ணு—"

அதற்குள் அந்தச் சத்தம். சைக்கிளில் வந்த தையல்காரர்.

அன்று வேன் தாமதம். நிற்கிறதா ஓடுகிறதா என்று நான் கேட்கவே இல்லை.

ஜூன் 5

யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரி போனேன். "எந்த கேஸ்மா? வேன் கேஸா? மூணாவது மாடி. இன்னும் கண்ணு முழிக்கல. அவரோட அக்கா மட்டும்தான் பெஞ்சுலயே கிடக்காங்க" என்றாள் நர்ஸ்.

அன்று மூன்றாவதாக நான் சொல்ல வைத்திருந்தது அதுதான்: நோயாளி.

படியேறாமல் திரும்பிவிட்டேன்.

ஜூன் 6

ஜபத்தில் மனம் நிற்கவில்லை. 'கேஸ்' முன்னால் 'இன்' என்று ஒரு சின்னச் சொல் சேர்த்தால் 'ஒருவேளை' என்றும் ஆகுமாம். ஒருவேளை அவர் பிழைக்காவிட்டால்? ஒருவேளை போலீஸ் இவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால்?

ஜூன் 7

ஆஸ்பத்திரியில் கேட்டதையும், நடந்ததைப் போலீசுக்கு எழுதப் போவதையும் இவரிடம் சொன்னேன்.

"எழுதினா நான் உள்ள போயிடுவேன்டி."

"கூப்பிட்டது நான்தானே?"

"எடுத்தது நான்." சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அந்த அக்காவுக்கே எழுது. ஸ்டேஷன்ல நான் சொல்லிக்கிறேன்."

ஜூன் 8

ஆஸ்பத்திரி விலாசத்துக்குத் தபால் பெட்டியில் போட்ட கடிதத்தின் நகல்:

அம்மா, உங்கள் தம்பியை இடித்த வேன் ஓட்டுநரின் மனைவி நான். அந்த நேரத்தில் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார், கூப்பிட்டவள் நான். நாளைக் காலை போலீசிலும் இதைச் சொல்கிறோம். உங்கள் தம்பி கண் விழித்தாரா? முகவரி கீழே இருக்கிறது. திட்டியாவது எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.