மஞ்சளாக மாறாத குங்குமம்

திருவண்ணாமலை
21-2-83

மாமாவுக்கு வேதாவின் வணக்கம்.

வழக்கமாகப் போடும் 'அன்புள்ள' இந்தக் கடிதத்தில் இல்லை. மறந்துவிடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். கட்டிய மனைவிக்கு நீங்கள் எழுதிய கடிதத்திலும் அது இல்லை. பம்பாயில் நீங்கள் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உங்கள் அம்மா என்னோடு பேசுவதில்லை, உங்கள் தம்பி பரசுராமன் பேசுவதெல்லாம் கடிதத்தில் எழுதக்கூடியதில்லை. மற்றபடி குறையில்லை.

பரசுராமன் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். நடந்ததை நான் சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பெண்களுக்குப் பரீட்சை நெருங்குகிறது. அமிலம், காரம் பாடத்தைத் திரும்ப நடத்தினேன். பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாள் தீர்ந்து மாதக்கணக்காகிறது. அதனால் மஞ்சளைக் கரைத்துத் தாளில் தடவிக் காயவைத்து எடுத்துப் போனேன். சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும், அது காரம். எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும், அது அமிலம். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பரீட்சை ஹாலில் மறக்காது. குங்குமமும் இதே மாதிரிதான், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து வந்த சிவப்பு என்று சொல்லி, வீட்டில் இருப்பதில் ஒரு சிட்டிகை கொண்டுவரச் சொன்னேன். இதுதான் நான் செய்த குற்றம்.

மறுநாள் வரிசையாகச் சாறு விட்டார்கள். வீட்டில் இடித்த குங்குமமெல்லாம் மஞ்சளானது. உண்ணாமலை என்ற பெண் கொண்டுவந்தது மட்டும் சிவப்பாகவே நின்றது, சாறும் சேர்ந்து சிவந்தது. இது உங்க கடையில வாங்கினது டீச்சர், இது மட்டும் ஏன் மாறலைனு கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. பரீட்சையில் வந்தால் எழுத வேண்டுமே என்று கேட்டாள். சன்னதித் தெருவில் நம் கடைப் பலகையில் 'மஞ்சளும் சுண்ணாம்பும் மட்டும் சேர்த்தது' என்று போட்டிருப்பதை அவளும்தான் படித்திருக்கிறாள். நான் வேறென்ன சொல்ல? இதில் சாயம் இருக்கிறது என்றேன்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வாங்கியவர்கள் பொட்டலத்தோடு திரும்பி வந்து கடை வாசலில் சத்தம் போட்டார்கள். பரசுராமன் பள்ளிக்கூடத்துக்கே வந்து தலைமையாசிரியை முன்னால், சோறு போடற வீட்டுக்கே வேட்டு வெக்கிறாங்க, படிச்ச திமிரு ஜாஸ்தியாயிடுச்சுனு கத்தினான். அத்தை அவனுக்கு ஒரு படி மேல். புருஷன் ஊர்ல இல்லாதப்ப குங்குமத்து மேல எலுமிச்சம்பழம் பிழியறாளே, இவளுக்குத் தாலி பாரமா இருக்குதானு தெருவில் நின்று கேட்டார்கள்.

இதற்கெல்லாம் நான் அழவில்லை. உங்கள் கடிதம் வந்தபோதுதான் அழுதேன், அதுவும் ஆத்திரத்தில். வகுப்பில் போய் என் சோதனை தப்பு, சாறு கெட்டுப்போயிருந்தது என்று சொல்ல வேண்டுமாம். இல்லாவிட்டால் அந்த வீட்டில் இருக்க வேண்டாமாம். வெண்காரம் சேர்த்த குங்குமம் மாறாது என்று எனக்கே பாடம் வேறு. தெரியும். வெண்காரம் சேர்த்திருந்தாலும் சாற்றில் இப்படிச் சாயம் இறங்காது. சாயக் கம்பெனியில் வேலை பார்க்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியில் எழுதினீர்களே, எல்லோரும் செய்வதுதானே, இதைப் போய்ப் பெரிதுபடுத்தினாயே என்று. அதைப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. மாதாமாதம் நீங்கள் அனுப்பும் சாயப் பார்சல், ஆரணித் தறிக்காரர்களுக்கு என்று சொன்னீர்கள். தபாலாபீசில் கையெழுத்துப் போட்டு வாங்கி, வெயிலில் தூக்கி வந்து பரசுராமன் கையில் கொடுத்தவள் நான். இதைச் சுமக்க உங்களுக்கு வேறு ஆளா கிடைக்கவில்லை?

பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது, பொட்டு வைக்கிற இடம் கறுத்து அரிக்கிறது என்று காட்டினேன். குங்குமத்தை நிறுத்திப் பார் என்று டாக்டர் சொன்னார், உங்கள் ஆயுசுக்கென்று வைப்பதை நிறுத்த மனம் வரவில்லை என்றேன். நீங்கள் என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தீர்கள். தேங்காயெண்ணெய் தடவு, சரியாகிவிடும் என்றீர்கள். தெரிந்துகொண்டே சொன்னீர்கள். கடை செய்ததை மன்னிப்பேன், அத்தை பேசியதையும் மன்னிப்பேன். இதை மன்னிக்க எனக்கு வரவில்லை.

நாளைக்கு வகுப்பு இருக்கிறது. நான் எதையும் மாற்றிச் சொல்லப் போவதில்லை. உங்கள் கடைக்காக அந்தப் பெண்கள் பரீட்சையில் தப்பாக எழுத வேண்டாம். வீட்டைவிட்டுப் போ என்பதை நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், அப்போது போகிறேன்.

இத்துடன் இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறேன். ஒன்று கடைக் குங்குமம். மற்றது மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து நானே இடித்தது. எலுமிச்சம்பழம் பம்பாயிலும் கிடைக்கும், இரண்டிலும் பிழிந்து பாருங்கள். பார்த்துவிட்டு, உங்கள் ஆயுசுக்காக இனி நான் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று உங்கள் கையால் எழுதுங்கள். பதில் வரும்வரை இரண்டையும் வைக்கப் போவதில்லை. வெறும் நெற்றியோடுதான் சன்னதித் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் போய் வருவேன். கேட்கிறவர்கள் உங்கள் அம்மாவைக் கேட்கட்டும்.

அண்ணாமலையார் உங்களுக்கு நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவியாக இருக்கும்
வேதா