சிவப்புக் கோடிட்ட கிண்ணங்கள்

எருசலேம்,
நோன்பு கழிந்த மூன்றாம் நாள்

அன்பு மகள் லிமோருக்கு,

தந்தை மக்லூஃப் எழுதுவது. நானும் உன் தாயும் உயிரோடும் ஓரளவு நலத்தோடும் இருக்கிறோம். நீயும் மருமகனும் பிள்ளைகள் இருவரும் கடல் கடந்த மெல்பர்னில் குறையின்றி இருக்கவேண்டும் என்பதே இந்த வீட்டின் மூன்று வேளைத் தொழுகையிலும் முதல் வேண்டுதல். உன் தாய்க்கு முழங்கால் வலி படியேறும்போது மட்டுந்தானாம். மூன்றாம் மாடியில் குடியிருப்பவளுக்கு அந்த ‘மட்டும்’ எவ்வளவு என்பதை நீயே கணக்கிட்டுக்கொள். தொலைபேசியில் நீ அழைக்கும்போதெல்லாம் நலமா என்ற ஒரு சொல்லோடு கருவியை அவள் கையில் கொடுத்துவிட்டு விலகிப்போகும் நான், இன்று தாளெடுத்து எழுதுகிறேன் என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்று உனக்குப் புரியும். பிராஸ்பர் அம்சலம் இறந்துவிட்டார். நீ பள்ளிக்குப் பிந்தி ஓடிவந்த நாளெல்லாம், நிறுத்தம் வருமுன்னரே பேருந்தை நிறுத்தி உன்னை ஏற்றிக்கொண்ட அதே பிராஸ்பர்தான். அவர் போன விதத்தில் எனக்குப் பங்குண்டு. அதை வேறெவர் வாயாலும் நீ கேட்கலாகாது என்பதற்காகவே இந்த மடல்.

தொழுகைக்கூடத்தின் நிலவறையில் சுலிக்கா பித்தோன் நடத்தும் சமையற்கூடத்தில் நான் இரண்டாண்டுகளாகத் தொண்டு செய்வதை உன் தாய் சொல்லியிருப்பாள். கடும் நோயில் கிடப்பவர்களுக்கு, பாலும் இறைச்சியும் கலவாத கோஷர் உணவுமுறை வழுவாமல் சமைத்து, வீடு வீடாகவும் மருத்துவமனைப் படுக்கை படுக்கையாகவும் கொண்டுசேர்க்கும் பணி. பால் அடுப்பு கிழக்கே, இறைச்சி அடுப்பு மேற்கே. இரண்டுக்கும் நடுவே சுலிக்காவின் நாக்கு. நாற்பதாண்டு மேடைகளை அதிரவைத்தவன் என்ற மதிப்பெல்லாம் அவளிடம் செல்லாது. “பேச்சாளரே, உங்க நாக்குல இருக்கற உப்பை இந்தச் சாறுல போட்டா நாளைக்கு நோயாளி இருக்கமாட்டான். வாயை மூடிட்டுப் பூசணியை நறுக்குங்க” என்பாள், மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். நானும் நறுக்குவேன். ஓராண்டாகப் பிராஸ்பருக்கு உணவு கொண்டுசென்றவன் நானே. வயிற்றில் புற்று, மனைவி இல்லை, ஒரே மகன் அர்மான் பிரான்சில், மர்செய் நகரில். உப்பில்லாத பூசணிச் சாறு ஒன்றுதான் அவர் உடல் ஏற்றது. மூடியைத் திறந்ததும், “இன்னிக்கும் அதே மஞ்சத் தண்ணியா? உங்க சமையக்கட்டுல வேற நிறமே கிடையாதா?” என்று கேட்டுவிட்டுத்தான் முதல் கரண்டியை வாயில் வைப்பார்.

கழுவாய் நாளின் நோன்பு நெருங்கியது. உயிருக்கு ஊறு நேரும் நிலையில் உள்ள நோயாளி அன்று உண்பது குற்றமன்று, கடமை என்பது சட்டம். ஆயினும் நோன்பு முற்றாக முறிந்துவிடாதபடி, ஒன்பது நிமிடத்துக்கு ஒருமுறை அளவு மிகச் சிறியதாக உண்ணச் செய்வது நம் வழக்கம். அதற்காகச் சுலிக்காவும் பெண்களும் நூற்றுக்கணக்கான சிறு கிண்ணங்களில், எந்த அளவு வரை ஊற்றலாம் என்று சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டு வைத்திருந்தார்கள். வேறு மை சூடு பட்டால் அழிந்துவிடுமாம். முதல்நாள் மாலைக்குள் பிராஸ்பரின் வீட்டிலும் ஒரு தட்டு நிறையக் கிண்ணங்கள், ஒரு பாத்திரம் சாறு. முன்பே மருத்துவர் சொல்லியிருந்தார்: ஊசி ஏற்ற நரம்பு அகப்படவில்லை, வாய்வழி நீர் போகவேண்டும், போகாவிட்டால் மறுநாளைத் தாண்டுவது அரிது. அர்மானோ வரத் துடித்துக்கொண்டிருந்தான். ஆனால் நோன்புக்காக நாட்டின் வானூர்தி நிலையமே மூடிக்கிடந்தது. அவனுக்குக் கிடைத்த இடம் அதற்கடுத்த நாள் விடியலில் வந்திறங்கும் வானூர்தியில்தான். ஒரு பகலும் ஓர் இரவும் தந்தை உயிரோடு இருக்கவேண்டும். அவ்வளவே கேட்கப்பட்டது.

காலை எட்டு மணிக்கு முதல் கிண்ணத்தை நீட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. அர்மான் வருவான், அவனுக்காக என்றேன். “அவனைப் பாக்காம போகமாட்டேன். ஆனா இதையும் குடிக்கமாட்டேன். எனக்கு ரெண்டும் வேணும்” என்றார். ஏன் என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் பார்த்தபடியே, “நீதானேய்யா சொன்ன” என்றார்.

மகளே, நான் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய். இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன் இதே நாளின் இறுதித் தொழுகையில், வானத்து வாயில்கள் அடைபடும் வேளையில், மேடையில் நின்று முழங்கினேன்: இன்று ஒருவாய் பருகியவர் அடைபடும் கதவுக்கு வெளியேதான் நிற்பார், அவர் என் வீட்டிலேயே பிறந்தவராயினும் இதுவே என் சொல். அன்று நண்பகல், அடுக்களையில் நீ அரைக் குவளை ஆரஞ்சுச் சாறு பருகியதைக் கண்டிருந்தேன். பெண்கள் மாடத்தில் அமர்ந்திருந்த உன்னை நோக்கி முந்நூறு தலைகள் நிமிர்ந்தன. உன் சர்க்கரை நோய்க்காக உன் தாய் நம் கூடத்துச் சமயகுருவான ரபியிடம் முறையாக இசைவு பெற்றிருந்தாள். என் சினத்துக்கு அஞ்சி அந்த இசைவை என்னிடம் மறைத்திருந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் அதை அறிந்தேன். அதே மேடையில் ஏறிப் பிழை எனது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ கடல் கடந்தாய். அந்தப் பேச்சை என் பேச்சுகளிலெல்லாம் சிறந்தது என்று ஊர் போற்றியபோது மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று அந்தக் கூட்டத்தில் பிராஸ்பரும் இருந்தார். “பெத்த பொண்ணையே விடலையே நீ. அப்படின்னா அது எவ்ளோ பெரிய உண்மையா இருக்கணும்! சாகப்போறவனுக்கு அந்த ஒரு கதவுதான் பாக்கி. அதுக்கு வெளிய என்னை நிக்க வைக்காத” என்று கைகூப்பினார்.

நான் பேசினேன். பேசுவதுதானே என் தொழில்! சட்டத்திலிருந்து பதினொரு சான்றுகள் எடுத்துக்காட்டினேன், அன்று சொன்னது வெறும் சினம், இன்று சொல்வதே மறை என்றேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் பேசற. அப்பவும் நல்லாத்தான் பேசின” என்றார். பிறகு கரண்டியை என் பக்கமே தள்ளினார். “நீ குடி. நீ உள்ள இருந்தா நானும் உள்ள இருக்கேன். நீ வெளிய போனா துணைக்கு ஒரு ஆளாச்சு.” பதின்மூன்று அகவை முதல் இன்றுவரை அந்த நாளில் என் நாவில் ஒரு துளி பட்டதில்லை. நோயற்றவன் நான், எனக்கேது விலக்கு? அப்படியே அமர்ந்திருந்தேன். மணி ஒன்பது, பத்து, பதினொன்று. நண்பகலில் அண்டை வீட்டுக்காரரை உட்காரவைத்துவிட்டு ரபியைத் தேடி நடந்தேன். தொழுகை முடியும்வரை காத்திருந்து, பிராஸ்பரைக் குடிக்கவைக்க நான் ஒரு கரண்டி குடிக்கலாமா என்று கேட்டேன். ரபியின் முகம் சிவந்துபோனது. “இதைக் கேக்கவா இவ்ளோ தூரம் நடந்து வந்த? நீ நடந்த நேரத்துல அவன் நாலு கிண்ணம் குடிச்சிருப்பான். ஓடு!” என்றார்.

ஓடினேன், எழுபத்திரண்டு அகவையில். இரண்டு மணிக்கு அவர் எதிரில் ஒரு கரண்டி சாற்றை என் வாயில் வைத்து விழுங்கினேன். ஆறிப்போயிருந்தது. தொண்டை வழியே இறங்கும்போது உன் அரைக் குவளை நினைவுக்கு வந்தது. பிராஸ்பர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி இருக்கிறது என்றார். உப்பே இல்லை என்றேன். “ஒரு வருசமா இதைத்தான்யா எனக்கு ஊத்தின!” என்று சிரித்தார்; சிரிப்பு இருமலாகி அடங்கியதும் வாயைத் திறந்தார். மாலைக்குள் பதினேழு கிண்ணம். இறுதித் தொழுகை நேரம் வந்தபோது, “மேடையில உன்னைத் தேடுவாங்களே, போ” என்றார். தேடட்டும் என்றேன். சாளரம் வழியே கூட்டத்தின் குரல் வந்தது. முப்பத்தோர் ஆண்டுகளில் அதில் என் குரல் இல்லாதது அன்றுதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சில நிமிடங்கள் முன்னதாக அவர் மூச்சு நின்றது. அர்மான் ஒன்பது மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தான். என்னைக் கண்டதும், “அப்பா முழிச்சிட்டாரா?” என்று கேட்டான். அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்தேன், லிமோர். காலையிலேயே குடித்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருக்குமா என்று மருத்துவரைக் கேட்டேன். தெரியாது என்றார். எனக்கும் தெரியாது. ஆனால் எட்டிலிருந்து இரண்டு வரை ஒன்பது நிமிடத்துக்கு ஒன்றாக எண்ணினால் நாற்பது கிண்ணங்கள். தட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, தொடாத கிண்ணங்களைச் சுலிக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏசுவாள் என்று நின்றேன். “கோடு அப்படியே இருக்கு பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கழுவப் போனாள். அர்மானுக்கு நம் முறைப்படி அமர்ந்து அழவேண்டிய ஏழு நாளும் முழுதாகக் கிடைக்கவில்லை. நாளை மாலை கூடார விழா பிறக்கிறது, அத்தோடு துக்கம் முடிந்ததாக எழவேண்டும்.

அனைத்தையும் உன் தாயிடம் சொன்னேன். “என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவளுக்கு எழுதுங்க. அன்னிக்கு மேடையில எவ்ளோ சத்தமா சொன்னீங்களோ, அவ்ளோ சத்தமா எழுதுங்க” என்றாள். எழுதிவிட்டேன்: நீ குற்றமற்றவள். குற்றம் என்னுடையது. ஒரு கரண்டிக்கு ஆறு மணி நேரம் தயங்கியவன், இந்த ஒரு வரிக்கு இருபத்தொரு ஆண்டு தயங்கினேன். இதை அதே மேடையில், அதே கூட்டத்தின் முன் சொல்ல விரும்புகிறேன். அன்று உன்னைக் கேளாமல் உன்னைப் பற்றிப் பேசினேன், இன்று கேட்கிறேன். சொல்லலாம் என்று நீ எழுதினால் சொல்வேன், வேண்டாம் என்றால் உன் விருப்பம் அதுவே. இந்த மடல் உன்னை அடைய இரண்டு வாரம், உன் மறுமொழி வர இன்னும் இரண்டு. விழாக்காலப் பேச்சுக்கு வேறொருவரை அமர்த்திக்கொள்ளும்படி கூடத்தாரிடம் சொல்லிவிட்டேன். உன் எழுத்து வரும்வரை நான் மேடை ஏறமாட்டேன். நிலவறையில் பூசணி நறுக்கிக்கொண்டிருப்பேன்.

பைக்குள் எப்போதும் சர்க்கரைக் கட்டி வைத்துக்கொள். வேளை தவறாமல் உண். சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாள் ஆகிய நம் அன்னையரைப் போல இறைவன் உன்னை ஆக்குவானாக; வெள்ளிதோறும் உன் தலைமேல் கைவைத்துச் சொன்ன வாழ்த்து இது, இப்போது கை மட்டும் எட்டவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். ஒரு வரியாயினும் எழுது.

உன் தந்தை,
மக்லூஃப் வக்னின்