ஊர் விளையாட்டு

12.1.1986

இலண்டனில் இருந்து அண்ணை அனுப்பிய விளையாட்டு அலுத்துவிட்டது. ஆளுக்கொரு வேடம் எடுத்து, பல முகத் தாயக்கட்டையை உருட்டி, மந்திரவாதியையும் பூதத்தையும் எத்தனை தரம்தான் கொல்வது? இன்று எங்கள் விறாந்தையில் இருந்து, இனி எதை விளையாடுவது என்று யோசித்தோம். விண்வெளி என்றான் அருளம்பலம். துப்பறிதல் என்றான் செல்வரட்ணம். நான்தான், எங்கள் ஊரையே விளையாடுவோம் என்றேன். வீட்டுக்காரர், கடைக்காரர், கூலிக்கு வருபவர். யாருக்கு எந்த வேடம் என்பது சீட்டுக் குலுக்கி. இப்படி ஒரு யோசனை வேறு யாருக்கு வரும் என்று எனக்கு ஒரே புளுகம், பெருமை.

அம்மா தேத்தண்ணி தந்தார். எங்கள் இருவருக்கும் கிளாசில், செல்வத்துக்கு வழக்கம்போல கிணற்றடியில் தனியாகக் கவிழ்த்திருக்கும் எனாமல் பேணியில்.

19.1.1986

எழுதக் கை கூசுகிறது.

செல்வத்துக்கு வீட்டுக்காரர் சீட்டு விழுந்தது. எனக்குக் கூலிக்காரன். படலையடியில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, "ஐயா" என்று கூப்பிட்டேன். செல்வம் நிமிர்ந்து இருந்து, என் அப்பா செருமுவதுபோலவே செருமினான்.

"ஆரடா அது? உதிலை நில்லு. பின்பக்கத்தாலை வா."

அருளம்பலம் விழுந்து விழுந்து சிரித்தான். நானும்தான்.

"இஞ்சாரும், உவனுக்குத் தேத்தண்ணி குடும். உவன்ரை பேணியிலை."

அவனுக்கு முன்னால் அந்தப் பேணி இருந்தது. பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

இவ்வளவு காலமும் அவன் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேனா? இல்லை. நான் நினைத்தே பார்க்கவில்லை. அதுதான் வெட்கம்.

26.1.1986

செல்வம் வரவில்லை.

28.1.1986

சைக்கிளில் கோப்பாய்க்கு, செல்வம் வீட்டுக்குப் போனேன். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றான்.

"கோவமே?" என்றேன்.

"கோவமில்லை. ஒருக்கா உங்கடை கிளாசிலை எனக்கும் தரச் சொல்லு. வாறன்."

சொல்கிறேன் என்றேன். அவனுடைய அம்மா அலுமாரியில் இருந்த புதுக் கிளாசைத் துடைத்து, எனக்குத் தேத்தண்ணி தந்தார். இஞ்சி போட்டிருந்தது.

31.1.1986

அம்மாவிடம் சொல்லவென்று குசினிக்குப் போனேன். "என்ன?" என்றார். சீனி காணாது என்றேன். தூ.

1.2.1986

காலையில் சந்தியடியில் செல்வத்தைக் கண்டேன்.

"சொன்னனியே?"

"ஓம்."

"என்னவாம்?"

"அதுக்கென்ன எண்டவ."

அவன் முகத்தில் வந்த சந்தோசத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நாளைக்கு வருகிறானாம். ஏன் அப்படிச் சொன்னேன்?

மத்தியானம் எல்லோரும் படுத்திருக்கும்போது பேணியைக் கிணற்றுக்குள் போட்டேன். பேணி இல்லாவிட்டால் கிளாஸ்தானே —

2.2.1986

பேணியைத் தேடிக் காணாத அம்மா, செல்வத்துக்குத் தேத்தண்ணியைத் தேங்காய்ச் சிரட்டையில் கொண்டுவந்தார்.

அவன் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். கையில் இருந்த தாயக்கட்டையை என் முன்னால் வைத்துவிட்டு எழும்பினான். சிரட்டையைத் தொடவில்லை. ஏசவும் இல்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். படலை வரைக்கும் ஓடிப் போயிருக்கலாம். நில்லடா என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

16.8.1986

இன்று கிணறு இறைத்தார்கள். சேற்றோடு பேணியும் வந்தது. இவ்வளவு மாதமும் அந்தத் தண்ணீரைத்தான் வீட்டில் எல்லோரும் குடித்தோம். அம்மா அதைச் சாம்பல் போட்டுக் கழுவி, பழைய இடத்திலேயே கவிழ்த்து வைத்தார்.

"காகம் தட்டி விழுத்தியிருக்கும்" என்றார்.

"ஓம்" என்றேன்.