ஒரு கிணற்றுக்கு நாலு சொந்தக்காரர்

அன்பு மாறாத என் பெரியண்ணைக்கு,

எங்கள் பங்குக் கிணறு கொழும்பு வரைக்கும் போய்விட்டது. நம்புவீர்களா?

என் மகள், உங்கள் செல்லப் பெறாமகள் துளசி படிப்பை முடித்து வேலை தேடுகிறாள். தான் எழுதிய மென்பொருள்களை இணையத்தில் அடுக்கி வைத்திருக்கிறாள். வேலை கொடுப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்களாம். அதில் ஒன்று எங்கள் கிணற்றுக்கானது. இன்றைக்குத் தண்ணீர் இறைக்கும் முறை யாருடையது, மழை பெய்தால் யாருக்குத் தள்ளிப்போகும் என்று சொல்லும்.

மென்பொருள் ஓடினால் மட்டும் போதாதாம். முன்பின் தெரியாத ஒருவர் வாசித்துவிட்டுத் தானாகவே ஓட்டிப்பார்க்க ஒரு விளக்கக் குறிப்பும் வேண்டுமாம். அதைச் சோதிக்க ஒன்றும் தெரியாத ஆள் தேவைப்பட்டது. நான் இருக்க வெளியில் தேடுவானேன்?

"அப்பா, நான் வாய் திறக்கமாட்டன். இதிலை எழுதியிருக்கிறபடி மட்டும் செய்யுங்கோ."

முதல் வரியிலேயே விழுந்தேன். 'கோப்புறையைத் திறக்கவும்' என்றிருந்தது.

"எந்தக் கோப்புறை பிள்ளை?"

தலையில் கை வைத்தாள். ஆனாலும் திருத்தினாள். நான் தடக்கிய இடமெல்லாம் ஒரு வரி கூடியது. கடைசியில் திரையில் எங்கள் பெயர்கள் வரிசையாக வந்ததும், ராக்கெட் விட்டவன்போல உங்கள் வீட்டுக்கு, மச்சாளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "இனி எல்லாம் தெளிவு, அனுப்பு" என்று துளசிக்கு உத்தரவும் போட்டேன்.

அனுப்பினாள். அவள் வேலை கேட்டிருந்த கொழும்பு நிறுவனத்திலிருந்து ஒரு அம்மா அழைத்தார். "நல்லா ஓடுது. ஆனா ஒரு பிழை இருக்கு. ஒரே கிணத்துக்கு நாலு சொந்தக்காரர் காட்டுதே?"

எனக்குச் சிரிப்பு. துளசிக்கோ, வாசல்வரை வந்த வேலை திரும்பிப் போகிறதென்ற பயம். குறிப்பு முழுக்க 'முறை' என்றிருந்தது. முறை என்றால் என்னவென்று ஓரிடத்திலும் இல்லை. சோதித்த மேதை அந்தக் கிணற்றடியில் வளர்ந்தவன். எனக்கு எப்படித் தடக்கும்?

"கிணத்தையே காணாத ஆக்களுக்குச் சொல்லுறமாதிரிச் சொல்லுங்கோ அப்பா."

ஐயா நாலு பிள்ளைகளுக்கும் ஒரு கிணற்றைப் பங்காகத் தந்ததையும், நாளுக்கு ஒருவராக நாங்கள் இறைப்பதையும் சொன்னேன்.

"பெரியப்பா இல்லை. அவரின்ரை பேர் ஏன் இன்னும் இருக்கெண்டு கேட்டால்?"

"ஆள் போனாலும் பங்கு போகாது. அவரின்ரை முறையிலைதான் பெரியம்மாவின்ரை தோட்டத்துக்குத் தண்ணி போகுது. எழுது."

நான் சொன்னதையெல்லாம் அப்படியே குறிப்பின் முதல் பத்தியாக வைத்து மறுபடி அனுப்பினாள்.

அந்த அம்மா மறுபடி அழைத்தார். "இப்பதான் விளங்கிச்சு. எப்ப வேலைக்கு வாறீங்க?"

அண்ணை, இதைக் கேட்க நீங்கள் இருந்திருந்தால் ஊரெல்லாம் சைக்கிளில் போய்ச் சொல்லியிருப்பீர்கள், இல்லையா?

நாளைக்கு உங்கள் முறை. மச்சாளுக்கு முழங்கால் நோ, அதனால் நான்தான் இறைக்கிறேன். ஒரு துளியைக்கூட என் வெங்காயப் பாத்திக்குத் திருப்பமாட்டேன், இது சத்தியம். அது உங்கள் தண்ணீரென்று கொழும்புக்கே எழுதிக் கொடுத்தாயிற்று. இனித் திருப்பவும் முடியாது.

உங்கள் கடைசித் தம்பி,
துளசியின் அப்பா