தலைவாசல் கதவு

செவ்வாய், தவக்காலம் மூணாவது வாரம்.

பழமை மாறாம புதுப்பிக்கிறோம்னு தெலுக் பங்லிமா காராங் ஊர்ல இருக்கிற மரப் பட்டறைக்குக் கழட்டிட்டுப் போன மாதா கோயில் கதவு இன்னைக்கு லோரியில கிள்ளானுக்குத் திரும்பி வந்துச்சு. பளபளன்னு இருக்கு. ஆனா அது நம்ம கதவுன்னு என் மனசு ஒத்துக்கல.

தினமும் காலையில கோயிலைத் திறக்கிறவ நான். அந்தக் கதவைத் தோள் கொடுத்துத்தான் தள்ளணும். இன்னைக்கு உள்ளங்கை பட்டதும் திறந்துடுச்சு. கண்ட்ராக்டரைக் கேட்டேன். "கீல் புதுசு லா அக்கா, எண்ணெய் விட்டிருக்கோம்"னான்.

குனிஞ்சு அடிப்பக்கம் தடவிப் பார்த்தேன். குருத்தோலை ஞாயிறு அன்னைக்குப் பவனி வெளியே நிக்கும். ஃபாதர் சிலுவைக் கம்பால மூணு தடவை தட்டின பிறகுதான் உள்ளேயிருந்து கதவைத் திறப்போம். வருஷா வருஷம் ஒரே இடத்துல தட்டித் தட்டி, என் கட்டைவிரல் நுழையுற அளவுக்குக் குழி விழுந்திருந்துச்சு. இப்ப அந்த இடம் வழவழன்னு இருக்கு. "மரப் புட்டி பூசிக் குழியை அடைச்சுட்டோம் அக்கா"ன்னான். எங்க அடைச்சான்? மரத்தோட ரேகை மேலிருந்து கீழ வரைக்கும் அறுபடாம ஓடுது.

நேரா ஃபாதர்கிட்ட போனேன். சம்பிரதாயத்துல ஒண்ணு குறைஞ்சாலும் எங்க உயிரை எடுக்கிறவர். "ஃபாதர், அந்தக் கதவு"ன்னு ஆரம்பிச்சேன், அவ்வளவுதான். "இந்த வருஷம் குருத்தோலைக்குக் கதவைத் தட்ட வேணாம்மா, திறந்தே வச்சிடுவோம். பாலிஷ் கெட்டுடும்"னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

நான் குருத்தோலைப் பேச்சையே எடுக்கலையே.